தலை முதல் கால் வரை எடுக்கும்போது மட்டும் பின்னணி ஏன் கரைவதில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: கையில் கேனன் 1500டி கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். தங்கையைப் பட்டுப்புடவையில் நிறுத்தி முகத்தை மட்டும் எடுத்தால் பின்னணி அழகாகக் கரைந்துவிடுகிறது. அதே இடத்தில் தலை முதல் கால் வரை எடுத்தால் பின்னாலிருக்கும் காம்பவுண்டுச் சுவர், பக்கத்து வீட்டு பைக் எல்லாம் அப்படியே தெரிகின்றன. போதாக்குறைக்கு முகமும் ஷார்ப்பாக இல்லை. 85 எம்எம் வாங்கலாமா, இல்லை ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் இன்னும் பெரிதாக உள்ள) கேமராவுக்கே போய்விடலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. பின்னணி கரையாதது ஒன்று, முகம் மங்குவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் லென்ஸ் கடைக்கு ஓடுகிறார்கள்.

முதலில் பின்னணி. எம்எம் என்பது லென்ஸின் குவியத்தூரம், எஃப் எண் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதன் அளவு. 50 எம்எம் லென்ஸை 1.8-இல் திறந்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் 50-ஐ 1.8-ஆல் வகுத்தது, அதாவது கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27. நாணயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் வெகு தூரத்தில் ஒரு விளக்கு எரிகிறது என்றால், படத்தில் அது எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் தெரியுமா? உங்கள் தங்கையின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, சரியாக அவ்வளவு. நீங்கள் கிட்டத்தில் நின்று எடுத்தாலும் சரி, எட்டத்தில் நின்று எடுத்தாலும் சரி, ஃபோகஸ் ஆன இடத்தில் வைத்து அளந்தால் அந்த வட்டம் துளையின் அளவைத் தாண்டாது.

இப்போது ஃபிரேமைப் பாருங்கள். முகம் மட்டும் எடுக்கும்போது படத்தின் உயரம் சுமார் 50 சென்டிமீட்டர். அதில் ஒரு நாணயம் கண்ணில் படும்படி பெரிய வட்டம். முழு உருவம் எடுக்கும்போது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் உயரம் 2.1 மீட்டர். அதே நாணயம், நாலு மடங்கு பெரிய படத்தில். பிளர் எங்கும் போய்விடவில்லை, படம்தான் பெரிதாகிவிட்டது.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு லென்ஸும் என்ன தரும் என்பதை அடுக்கிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மொபைலின் மெயின் கேமரா ஒரு மிளகு. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ், 55-இல் எஃப் 5.6 என்றால் ஒரு சட்டைப் பொத்தான். உங்களுடையது நாணயம். 85 எம்எம் எஃப் 1.8 என்பது 47 மில்லிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். கல்யாணப் போட்டோகிராபர்கள் தோளில் தொங்கவிட்டிருக்கும் 70-200 எஃப் 2.8, அதன் 200 முனையில் 71 மில்லிமீட்டர், ஒரு சாத்துக்குடி. பலரும் மட்டமாக நினைக்கும் 55-250 ஜூம் இருக்கிறதே, அதன் 250 முனையில் எஃப் 5.6 என்று போட்டிருந்தாலும் துளை 45 மில்லிமீட்டர், அதுவும் எலுமிச்சம்பழம்தான். எஃப் எண்ணை மட்டும் பார்த்து லென்ஸை எடை போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் நாணயமோ சாத்துக்குடியோ, முழுசாகக் கிடைப்பது பின்னணி வெகு தூரத்தில் இருந்தால் மட்டுமே. பக்கத்தில் இருந்தால் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்றால், ஆளிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் 1500டி-இல் 50 எம்எம் போட்டு, கேமராவை நெட்டுக்குப் பிடித்து, முழு உருவம் அடங்க வேண்டுமானால் நீங்கள் சுமார் 4.75 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தங்கை சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். 1-ஐ 5.75-ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 28 மில்லிமீட்டர் நாணயம் 5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. எஃப் 1.8 லென்ஸை வைத்துக்கொண்டு மொபைல் அளவுக்கு வந்துவிட்டீர்கள். அவரைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கும்படி நகர்த்துங்கள், நீங்களும் அதே அளவு பின்னால் வாருங்கள். வட்டம் 14 மில்லிமீட்டர், மூன்று மடங்கு. 10 மீட்டர் என்றால் 19. 20 மீட்டர் என்றால் 22 அல்லது 23. அதற்கு மேல் எவ்வளவு நடந்தாலும் பெரிய லாபம் இல்லை. முதல் ஐந்து மீட்டரில்தான் காசு இருக்கிறது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வரவேற்புக்கு 70-200-ஐ வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் மணமக்கள் பின்னால் பூ அலங்காரம், இடைவெளி ஒரு மீட்டர்கூட இருக்காது. மண்டபத்தின் பாதி தூரம் பின்னால் வந்து 200-இல் எடுத்தேன். ஒவ்வொரு ரோஜாவும் எண்ணி எடுக்கிற மாதிரி தெரிந்தது. கணக்கு போட்டால் காரணம் புரியும். ஃபுல் ஃபிரேமில் 200 எம்எம் வைத்து முழு உருவம் எடுக்கக் கிட்டத்தட்ட 12 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஒரு மீட்டரை 13-ஆல் வகுத்தால் என்ன மிஞ்சும்? 71 மில்லிமீட்டர் சாத்துக்குடி ஐந்தரை மில்லிமீட்டர் ஆகிறது. உங்கள் 50 எம்எம் அதே மேடையில் கொடுப்பது ஐந்து. லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸுக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். சுவர் ஒட்டி நின்றால் எந்த லென்ஸும் காப்பாற்றாது. மணமக்களை மேடை விளிம்புக்கு நாலு அடி முன்னால் வரச்சொல்லியிருந்தால் அன்றைக்கு வாடகைப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஃபுல் ஃபிரேம் பற்றியும் இதே கணக்கு பதில் சொல்லிவிடும். உங்கள் 50 எம்எம் லென்ஸை அப்படியே ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் துளை அதே 28தான். அதே ஃபிரேமுக்கு நீங்கள் 3 மீட்டருக்கு முன்னேறி வருவீர்கள், அவ்வளவே. பின்னணி 5 மீட்டர் தள்ளி இருந்தால் 14 என்பது 17 அல்லது 18 ஆகும். வெகு தூரப் பின்னணி என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே மாறாது. "ஃபுல் ஃபிரேம் வாங்கினேன், பிளர் பிரமாதம்" என்பவர்கள் பெரும்பாலும் கூடவே 85 எஃப் 1.8 அல்லது 1.4-ஐயும் வாங்கியிருப்பார்கள். வேலை செய்தது எலுமிச்சம்பழம்.

அடுத்தது தரை. முழு உருவப் படத்துக்கே உரிய தொல்லை இது, முகம் எடுப்பவர்களுக்குத் தெரியாது. கால் எங்கே நிற்கிறதோ அங்கே தரையும் ஃபோகஸில் இருக்கும். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. தவிர்த்தால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். மொபைல் போர்ட்ரெய்ட் மோடில் முழு உருவம் எடுத்துப் பார்த்தால் இது தெரியும். செருப்பைச் சுற்றி வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். கேள்வி என்னவென்றால், ஷார்ப்பான தரை படத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதே.

நீங்கள் நின்றபடி, கண் உயரத்தில், 1.6 மீட்டரில் கேமராவைப் பிடிக்கிறீர்கள் என்று வைப்போம். தங்கைக்குப் பின்னால் முதல் ஐந்து மீட்டர் தரை, படத்தில் அவர் காலடியிலிருந்து 82 சென்டிமீட்டர் உயரம் வரை ஏறி நிற்கும், தொடைக்கும் மேலே. சரளைக்கல், காய்ந்த இலை, சிமெண்ட் விரிசல் எல்லாம் புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் தெரியும். அதே இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கேமராவை 60 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். அந்த ஐந்து மீட்டர் தரை 31 சென்டிமீட்டருக்குள், முழங்காலுக்குக் கீழே அடங்கிவிடும். அதற்கு மேல் பின்னணியாக வருவது தூரத்து மரங்கள், நன்றாகக் கரைந்தவை. ஒரு பைசா செலவில்லை. கூடுதல் லாபம், ஆளும் கொஞ்சம் உயரமாகத் தெரிவார். ரொம்பத் தாழ்ந்து கேமராவை அண்ணாந்து பிடித்தால் இடுப்பு பெரிதாகி முகம் சிறுத்துவிடும். அதனால் இறக்கிய பிறகு கேமராவை மேலே சாய்க்காமல் நேராகப் பிடிக்கப் பாருங்கள். தலை வெட்டுப்பட்டால் சாய்க்காதீர்கள், இரண்டடி பின்னால் போங்கள்.

இன்னும் தரை உறுத்தினால் முன்னால் எதையாவது வையுங்கள். லென்ஸுக்கு அரை மீட்டர் முன்னால் ஒரு இலையோ புல்லோ வந்தால், அதன் ஒவ்வொரு புள்ளியும் ஆள் நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர் வட்டமாக விரியும். பின்னணியைக் கரைக்க இவ்வளவு பாடுபடுகிறோம், முன்னணி சும்மாவே கரைகிறது. படத்தின் அடிப்பகுதியில் ஒரு பச்சை மூட்டம் படர்ந்தால் ஷார்ப்பான தரையில் பாதி மறைந்துபோகும். நான் வயலோரம் எடுக்கும்போது அநேகமாக எப்போதும் வரப்புப் புல்லுக்குள் கையை நுழைத்துத்தான் எடுப்பேன். எறும்பு கடிக்கும், அது இந்தத் தொழிலில் உள்ளதுதான்.

சரி, முகம். இங்கே பலர் செய்யும் தவறு, "முழு உடம்பும் ஷார்ப்பாக வர எஃப் 8 வை" என்ற அறிவுரையைக் கேட்பது. உங்கள் கேமராவில், இந்த ஃபிரேமில், எஃப் 1.8-லேயே தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர். எஃப் 2.8 என்றால் 95. நேராக நிற்கும் மனிதர் முன்னுக்குப் பின் 30 சென்டிமீட்டர் இருப்பாரா? ஒரு காலை முன்னே வைத்தாலும் அடங்கிவிடுவார். முகத்தை மட்டும் எடுக்கும்போது அதே 1.8-இல் கிடைப்பது மூன்றரை சென்டிமீட்டர். மூக்கு ஷார்ப், காது மங்கல் என்பதெல்லாம் அங்கே வரும் தொல்லை. அந்தப் பயத்தை இங்கே கொண்டுவந்து அப்பர்ச்சரை (லென்ஸின் துளையை) மூட வேண்டாம். இந்த அளவுகள் சாதாரணமாகப் பார்க்கும் படத்துக்கானவை. கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கித் துருவினால் பாதிக்கும் கீழே குறையும். அப்போதும் முகம் முழுக்க அடங்கப் போதும். இன்னொரு விஷயம், ஒரே ஃபிரேம், ஒரே எஃப் எண் என்றால் 50 போட்டாலும் 85 போட்டாலும் 250 போட்டாலும் இந்த ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். லென்ஸ் நீளமாக நீளமாக மாறுவது பின்னணி, ஆள் அல்ல.

அப்படியானால் முகம் ஏன் மங்குகிறது? ஒன்று, அது சின்னதாகிவிட்டது. 1500டி-இல் படத்தின் நீளப் பக்கம் 6000 பிக்ஸல். முகம் மட்டும் எடுக்கும்போது நெற்றியிலிருந்து தாடை வரை 2700 பிக்ஸல் கிடைக்கும். முழு உருவத்தில் 650தான். முன்பு கண்ணுக்குத் தெரியாத சின்ன நடுக்கம் இப்போது இமை முடியையே அழித்துவிடும். அந்த லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் இல்லை. 50 எம்எம்-க்கு ஷட்டர் வேகம் 1/80 விநாடி போதும் என்ற பழைய விதியை மறந்துவிட்டு, நிற்பவருக்கு 1/320, நடப்பவருக்கு 1/500, முந்தானையைச் சுழற்றுபவருக்கு 1/1000 என்று வையுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, 800 ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியான படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை முடியாது.

இரண்டு, ஃபோகஸ் புள்ளி. உங்கள் கேமராவில் ஒன்பது புள்ளிகள். நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் உள்ள கோடுகள் இரண்டையும் பார்க்கும், நம்பகமானது. கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் மேல்கோடியில் வரும் புள்ளி பெரும்பாலும் கழுத்து, மார்பு அளவோடு நின்றுவிடும். இவ்வளவு தூரத்தில் தலையைவிடப் புள்ளி பார்க்கும் பரப்பு பெரிதாகிவிடுவதும் உண்டு. தோளுக்கு மேல் பின்னால் பளிச்சென்று ஒரு ஜன்னல் கம்பியோ கோபுரச் சிற்பமோ இருந்தால் கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்பதையும் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் இன்னும் மோசம். கிட்டத்தில் இருப்பதைத் தேடி நீட்டிய கையையோ கையிலிருக்கும் பூச்செண்டையோ பிடிக்கும்.

நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பூட்டி, பிறகு கேமராவைக் கீழே இறக்கி ஃபிரேம் செய்வது பழைய பழக்கம். அதில் ஃபோகஸ் தளம் கொஞ்சம் பின்னால் போகும் என்று எச்சரிப்பார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் கணக்குக்கு அது 6 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அது பெரிய பாவமில்லை. பூட்டிய பிறகு உங்கள் உடம்பு முன்னே பின்னே ஆடுவதுதான் பாவம். நெருக்கடி இல்லாத நேரத்தில் இதைவிட நல்ல வழி, பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூ. அங்கே சென்சாரே ஃபோகஸைப் பார்க்கிறது. பெட்டியை நேராக முகத்துக்கே நகர்த்தலாம், பத்து மடங்கு பெரிதாக்கிக் கண்ணைச் சரிபார்க்கலாம். மெதுவாக இருக்கும், நிற்பவருக்குப் போதும். மிரர்லெஸ் கேமராக்காரர்கள் கண் ஃபோகஸைப் போட்டுவிட்டு இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

லைவ் வியூவில் ஷார்ப்பாகவும் வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) எடுத்தால் மங்கலாகவும் தொடர்ந்து வந்தால், லென்ஸும் கேமராவும் சரியாக ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். 1500டி-இல் அதை நாமே திருத்தும் மெனு கிடையாது, சர்வீஸில்தான் காட்ட வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. முழு உருவப் படத்தில் முகம் எங்கே இருக்கிறது? நடுவில் இல்லை, மேல் விளிம்புப் பக்கம். எந்த லென்ஸும் முழுக்கத் திறந்திருக்கும்போது விளிம்பில்தான் பலவீனம். நடுவில் ஷார்ப்பாக இருப்பது புடவை மடிப்பு, சொதப்பலான இடத்தில் முகம்! அதனால் 1.8-ஐ விட்டு 2.2 அல்லது 2.5-க்கு வாருங்கள். 2.2-இல் நாணயம் 23 மில்லிமீட்டராகக் குறையும், அது ஒரு இழப்பே இல்லை. கூடவே தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் முகம் விளிம்பிலிருந்து உள்ளே வரும். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8 என்றால் 1/8000 ஷட்டர் வேண்டும். உங்கள் கேமரா 1/4000-உடன் நின்றுவிடும். படம் வெளுத்துப்போகும், கேமரா தானாகவே அப்பர்ச்சரை மூடிவிடவும் கூடும். பிளர் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டோ மோடில் இந்தக் குழியில் விழுந்தவர்கள். காலையோ சாயங்காலமோ, இல்லை மரநிழலோ பாருங்கள்.

பின்னணியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தென்னந்தோப்பு எல்லோருக்கும் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. மரத்தண்டுகள் எவ்வளவு கரைந்தாலும் செங்குத்துக் கோடுகளாக ஆளோடு போட்டி போடும். சவுக்குத் தோப்பில் காலை ஏழு மணிக்கு, வெயில் பின்னாலிருந்து சாய்வாக வரும்போது, மெல்லிய இலைகளெல்லாம் சேர்ந்து ஒரே புகையாகிவிடும். அதே தோப்பு பத்து மணிக்கு முள்கம்பி வேலி மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் ஆள், நிழலில் பின்னணி என்று அமைந்துவிட்டால் பிளர் பாதியே இருந்தாலும் ஆள் தனியாக எடுபட்டு நிற்பார். பழைய ஸ்டுடியோக்களில் முக்காலியில் கை வைத்து நிற்கவைத்து எடுத்த முழு உருவப் படங்களைப் பாருங்கள். பின்னால் தோட்டமும் படிக்கட்டும் வரைந்த திரை நாலடியில் தொங்கும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பின்னால் போக இடமே இல்லாத சந்து என்றால் ஒரு வித்தை இருக்கிறது. கிட்டத்தில் நின்று முகம், தோள், இடுப்பு, கால், சுற்றுப்புறம் என்று பத்துப் பதினைந்து துண்டுகளாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவது. நியூயார்க் கல்யாணப் போட்டோகிராபர் ரயன் பிரெனிசர் பிரபலப்படுத்தியதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை) மூன்றையும் மேனுவலில் பூட்டி, முதலில் முகத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆள் அசைந்தாலும் முகம் தப்பிக்கும். குழந்தைகளிடம் முயற்சி செய்ய வேண்டாம்.

85-க்கு வருகிறேன். கெட்ட லென்ஸ் இல்லை. ஆனால் 1500டி-இல் முழு உருவத்துக்கு 8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னணி 5 மீட்டரில் இருந்தால் உங்கள் 14 மில்லிமீட்டர் 18 ஆகும், 20 மீட்டரில் இருந்தால் 22-23 என்பது 34 ஆகும். வீட்டு வாசலில் எடுப்பவருக்கு அது வீண்செலவு, மைதானம் கிடைப்பவருக்கு லாபம். யாரிடமாவது 55-250 சும்மா கிடந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, 250-இல், 24 மீட்டர் தள்ளி நின்று, பின்னணி நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஏரிக்கரையிலோ விளையாட்டுத் திடலிலோ எடுத்துப் பாருங்கள். 36 மில்லிமீட்டர் கிடைக்கும், உங்கள் 50 அங்கே கொடுப்பதைவிட அதிகம். பின்னணியில் ஒரு சின்னத் துண்டுதான் ஃபிரேமுக்குள் வரும் என்பதால் பைக், போஸ்ட் கம்பம் எல்லாம் ஒரு அடி நகர்ந்தாலே வெளியே போய்விடும். 250-இல் கை நடுக்கம் அதிகம் என்பதால் ஷட்டர் 1/500-க்குக் கீழே வேண்டாம். அவ்வளவு தூரத்திலிருந்து "முகத்தைக் கொஞ்சம் திருப்பு" என்று கத்தினால் தொண்டை போய்விடும். போனில் கூப்பிட்டு, தங்கை காதில் இயர்போனை மாட்டி முடிக்குள் மறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டே எடுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.